சுவிச்சுக்காரர் போட்ட லாக்

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் தானாக நடக்கும் எந்தக் காரியத்தையும் நம்பாத ஒரே ஜீவன் சுவிச்சுக்காரர்தான். சூரியன் தினமும் தானாக உதிக்கிறதே, அதில்கூட அவருக்கு ஒரு மனக்குறை உண்டு. லாரிகளுக்கு ஒயரிங் செய்வது தொழில். சொந்தப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

நான் அவர் பட்டறைக்கு எதிரே லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை பார்த்தேன். தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் மோட்டார் தானாக நிற்க, கடையில் ஒரு கருவி மாட்டினோம். மறுநாளே மனுஷர் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஒரு சுவிச்சு வைத்துவிட்டார். "தொட்டி ரொம்பிச்சின்னு அதுக்கு இன்னா தெரியும்? எட்டிப் பாத்துதா?" என்றார். அன்று மாலையே தொட்டி வழிந்து நாலு பெட்டி பேரிங் நனைந்தது. திட்டு வாங்கியவன் நான்! பஸ்ஸில் இடம் காலியாக இருந்தாலும் உட்கார மாட்டார். டிரைவர் முதுகுக்குப் பின்னால் நின்று, "பள்ளம் வருது, பள்ளம் வருது" என்று ஊர் வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டே வருவார். தூரத்தில் அவர் தலையைக் கண்டாலே கண்டக்டர்கள் ரைட் கொடுத்துவிடுவார்கள்.

அவரிடம்தான் வெள்ளிமலை சின்னப்பொண்ணு அக்கா தன் லாரியைக் கொண்டு வந்தார். அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே இடது கால் சூம்பிப்போயிருந்தது. கிளட்ச் மிதிக்க முடியாது. அதனால் எங்கெங்கோ தேடி, கிளட்ச்சே இல்லாத பழைய ஆட்டோமேட்டிக் டீசல் லாரி ஒன்றை வாங்கி, மரவள்ளிக்கிழங்கு ஏற்றித் தானே ஓட்டிக்கொண்டிருந்தார்.

அந்த வண்டிக்கு மலைதான் ஆகவில்லை. இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நடுவில் இருக்கும் டார்க் கன்வர்ட்டர்தான் சேர்க்கும். அதற்குள் ஆயில் சுழன்றுதான் சக்தி போகும். நல்ல வேகம் வந்தால் உள்ளே ஒரு லாக் விழுந்து இரண்டும் இறுகப் பிடித்துக்கொள்ளும். மலைப்பாதையில் வேகம் ஏது? லாக் விழாது. ஏறும்போது ஆயில் கொதிக்கும். இறங்கும்போது இன்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்காது. இரண்டு முறை பிரேக் புகைந்து அக்கா உயிர் பிழைத்ததே பெரிய விஷயம்.

"வித்துட்டு கியர் வண்டி வாங்கு, டிரைவர் போட்டுக்கன்றாங்க வூட்டுல. வெள்ளிக்கெழம புரோக்கர் வராரு. அப்புறம் நான் இன்னாண்ணே பண்ணுவேன்? வூட்ல குந்திக்கினு ரோட்ட பாக்கவா?" என்றார் அக்கா.

சுவிச்சுக்காரருக்கோ முகமெல்லாம் சிரிப்பு. "தானா லாக் போடுதாமா? மேட்டப் பாத்துதா அது? பள்ளத்தப் பாத்துதா? நீதானே கண்ணு பாக்கற!" என்று வண்டிக்கு அடியில் புகுந்தவர் மூன்று நாள் வெளியே வரவில்லை. லாக்குக்குப் போகும் ஒயரைப் பிரித்து, ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சுவிச்சில் கொண்டுவந்து முடித்தார்.

வெள்ளோட்டம் மானத்தை வாங்கியது. லாக் போட்ட நிலையிலேயே அக்கா வண்டியை நிறுத்த, வண்டி ஒரு குலுங்கு குலுங்கி இன்ஜின் அணைந்துபோனது. கடைத்தெருவே சிரித்தது. "நிக்கறப்ப தானா அவுந்துக்கற மாதிரி வையுங்களேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். என்னைப் பார்த்தார் பாருங்கள், அப்படி ஒரு பார்வை! விறுவிறுவென்று போய்த் தன் வீட்டுக் காலிங்பெல்லைப் பிடுங்கி வந்து வண்டியில் மாட்டினார். லாக் விழுந்திருக்கும்வரை அது குருவி மாதிரி கத்திக்கொண்டே இருக்கும். "குருவி கத்தசொல்ல நிறுத்தாத, அவ்ளோதான்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை, வெள்ளிமலையில் முழு லோடு. "நீங்க ஏறுனாத்தாண்ணே எறக்குவேன்" என்று அக்கா அடம்பிடித்தார். சுவிச்சுக்காரர் ஜன்னலோரம், நான் நடுவில். முதல் வளைவில் அக்கா சுவிச்சைத் தட்டினார். குருவி கத்தியது. இன்ஜின் உறுமி வண்டியைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்தது. "புடிக்குதுண்ணே! புடிக்குது!" என்று அக்கா கத்தினார். எதிரே வந்த ஜீப்காரர்கள் குருவியைத் தேடி மரங்களை அண்ணாந்து பார்த்தார்கள். பிரேக்குக்கு வேலையே இல்லை. எனக்கு விசிலடிக்க வேண்டும்போல இருந்தது.

"பள்ளம் வருது" என்ற குரல் கேட்கவில்லையே என்று திரும்பினேன். சுவிச்சுக்காரர் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

அடிவாரத்தில் டீக்கடையருகே புரோக்கர் நின்றுகொண்டிருந்தார். அக்கா சுவிச்சைத் தட்ட, குருவி நின்றது. சுவிச்சுக்காரர் திடுக்கிட்டு விழித்தார்.

"எவன்டா ஆஃப் பண்ணது?"

"நாந்தாண்ணே. நிறுத்தப்போறேன்."

"நீயா? சரி" என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

வண்டி குலுங்காமல் நின்றது. புரோக்கர் கதவைத் தட்டி, "இன்னாம்மா, முடிச்சிக்கலாமா?" என்றார் சத்தமாக.

"வண்டி குடுக்கறதா இல்லீங்க" என்றார் அக்கா. "கொஞ்சம் மெதுவா பேசுங்க. அண்ணன் தூங்கிக்கினு கீறாரு."

என் தோள் மரத்துப்போயிருந்தது. நான் அசையவில்லை.