சிலைக்கு அரிக்கவில்லை

மினுக்குபுரி நாட்டில் முகத்துக்கு எதைப் பூசுவது என்பதைக்கூட அரசாங்கமே பார்த்துக்கொண்டது. அவ்வளவு அக்கறை! மன்னர் சாந்தவர்மரின் மைத்துனர் தயாரித்த 'பொன்மேனிப் பூச்சு' பூசாமல் எந்தப் பெண்ணும் மணமேடை ஏறக் கூடாது என்பது அங்கே சட்டம்.

கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்த கோமேதகம், சட்டத்தை மதித்து ஒரு கன்னத்தில் மட்டும் பூசிப் பார்த்தாள். கன்னம் பூரி மாதிரி உப்பியது. நேரே ஒப்பனைத் துறை அமைச்சர் குணசிங்கரிடம் போய் நின்றாள்.

"ஐயா, இதப் பூசிட்டு மேடையில உக்காந்தா மாப்பிள்ளை எந்திரிச்சு ஓடிடுவாரு. யார் மேல பூசிப் பாத்து இத நல்லதுன்னு சொன்னீங்க?"

அமைச்சர் தொண்டையைச் செருமினார். "முற்றத்திலுள்ள மன்னரின் சுண்ணாம்புச் சிலைமீது. தினமும் பூசி, பட்டுத்துணியால் மூடி வைக்கிறோம். சிலை இதுவரை ஒரு புகாரும் தரவில்லை."

"சிலை எப்படிய்யா புகார் குடுக்கும்?"

"அதுவே நல்ல குடிமகனுக்கு அடையாளம், அம்மா."

அன்று மாலையே முகம் சொறிவது குற்றமானது. ஊரே கதவு நிலையில் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றது. உடனே கதவு நிலைகளுக்கு வரி வந்தது. மூன்றாவது ஆணைதான் உச்சம்: "சிலையின் முகமே தரம். அதிலிருந்து மாறுபடும் முகத்தில்தான் குறை, பூச்சில் இல்லை. குறையுள்ள முகத்துக்கு இரட்டைப் பூச்சு."

கோமேதகத்துக்கு அழுகை முட்டியது. இன்னும் இரண்டே நாளில் கல்யாணம்.

மறுநாள் மன்னரின் பிறந்தநாள். தரத்தை ஊரறியக் காட்ட, மன்னரே சிலையின் துணியை விலக்கினார். சிலைக்கு மூக்கு இல்லை. பூச்சு தின்றிருந்தது. அமைச்சர் துணியை மறுபடி இழுத்து மூடப் பார்த்தார்.

கோமேதகம் முன்னால் வந்து கும்பிட்டாள். "மகாராசா, சிலை முகம்தான் தரம்னு உங்க ஆணையே சொல்லுது. அதுக்கு மூக்கு இல்ல, உங்களுக்கு மட்டும் இருக்கே! ரெட்டைப் பூச்சு கொண்டாரச் சொல்லட்டுமா?"

மைத்துனர் பழக்கதோஷத்தில் டப்பாவைத் திறந்தேவிட்டார். மன்னர் இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ரத்து! சட்டம் ரத்து! இப்பவே ரத்து!"

கூட்டம் கன்னத்தை ஆசைதீரச் சொறிந்தபடி சிரித்தது. மறுநாள் கோமேதகம் வெறும் மஞ்சள் பூசி மணமேடை ஏறினாள். மாப்பிள்ளை ஓடவில்லை.

குணசிங்கரையும் மன்னர் சும்மா விட்டுவிடவில்லை. உணவுத் துறைக்கு மாற்றிவிட்டார். இப்போது முற்றத்தில் புதுச் சிலை நிற்கிறது. தினமும் காலையில் அதன் வாயில் ஒரு கவளம் ரேஷன் சோறு அப்புகிறார்கள். வயிறு வலிக்கிறது என்று அது இன்றுவரை சொன்னதில்லை.