'ம்' சொல்லாத மூன்று நாட்கள்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டே அந்த முடிவை எடுத்தேன். இனி இந்த வீட்டில் நான் 'ம்' சொல்லப்போவதில்லை.

இதெல்லாம் ஒரு முடிவா என்று நீங்கள் சிரிக்கலாம். பதினேழு வருடத்தில் 'ம்' சொல்லியே நான் இழந்தது எனக்குத்தான் தெரியும். வரவேற்பறைக்குக் கத்தரிப்பூ நிறத்தில் திரைச்சீலை வந்தது ஒரு 'ம்'மினால். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக, ஆறு வயதுக் குழந்தைகளுக்கு நடுவே நீச்சல் வகுப்பில் நான் நடுங்கிக்கொண்டு நின்றது இன்னொரு 'ம்'மினால். தலைக்குள் ஒரு யோசனை உருவாகி, அதற்கேற்ற சொல்லைத் தேடிப்பிடித்து நாக்குக்கு அனுப்புவதற்குள், இந்த ஒற்றை எழுத்து குறுக்கே ஓடிவந்து கையெழுத்துப் போட்டுவிடுகிறது. நான் நினைப்பது ஒன்று, சொல்வது ஒன்று. வீட்டில் செல்லுபடியாவது சொன்னதுதான்.

இப்போது ஆபத்தில் இருந்தது என் பின்னறை. அங்கே ஒரு மேஜை. மேஜை மேல் மூவாயிரம் துண்டுகளைப் பொருத்திச் சேர்க்கவேண்டிய ஒரு கப்பல் படம். ஐந்து மாதமாகச் சேர்க்கிறேன். கப்பல் முடிந்தது, கடல் முடிந்தது, ஆகாயம் மட்டும் பாக்கி. அந்த அறைக்குத்தான் என் மச்சினன் குடிவரப்போவதாகச் சேதி அடிபட்டது. போன தடவை ஒரு வாரம் என்று வந்தவன் எட்டு மாதம் இருந்தான்.

அன்று மாலையே மனைவி ஆரம்பித்தாள்.

"தம்பிக்கு இந்த ஊருக்கே மாத்தல் ஆயிருக்காம்."

உதட்டை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"பின் ரூம் சும்மாத்தானே கிடக்கு?"

பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"என்னங்க, உங்களைத்தான்."

"முடியாது. கூடாது. மாட்டேன்," என்றேன்.

மூன்று முழுச் சொற்கள். கல்யாணத்துக்குப் பிறகு நான் ஒரே மூச்சில் பேசிய மிக நீளமான எதிர்ப்பு அதுதான். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்படியா," என்று துணி மடிக்கப் போய்விட்டாள். சண்டை போடாமல் போனாளே, அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மூன்று நாளில் எட்டு முறை கேட்டாள். எட்டு முறையும் 'ம்' தொண்டை வரை வந்தது. எட்டு முறையும் பல்லைக் கடித்து உள்ளே தள்ளிவிட்டு, "மாட்டேன்," என்றேன். வெள்ளிக்கிழமை எட்டாவது கடியில் 'கடக்' என்று ஒரு சத்தம். கடைவாய்ப் பல்லில் சொத்தைக்கு வைத்திருந்த பழைய அடைப்பு விண்டுபோயிருந்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். நான் பல் டாக்டர். என் கிளினிக்கில் என்னைத் தவிர இரண்டு பேர். ஒருத்தி போன வருடம் படித்து முடித்த சின்ன டாக்டர். இன்னொருத்தி, நோயாளியின் வாயில் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொள்ளும் உதவியாளர். அதாவது என் மனைவி.

சின்ன டாக்டர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், "சார், அவர் என்னமோ சொல்ல வர்றாரே," என்று நோயாளியின் வாயிலிருந்து கையைப் பின்னுக்கு இழுத்தாள். அவளுக்கு நான் ஒரு பாடம் நடத்தினேன். "வாயைத் திறந்து வெச்சிருக்கிறவர் என்ன சொன்னாலும் சம்மதம்னுதாம்மா அர்த்தம். வேணாம்னா வாயை மூடியிருப்பாரே?" எனக்கே அந்த வாக்கியம் ரொம்பப் பிடித்துப்போய் அடிக்கடி சொல்வேன். ஒவ்வொரு முறையும் மனைவி குழாயும் கையுமாகப் பக்கத்தில்தான் நின்றிருக்கிறாள்.

அன்று என் நாற்காலியில் நானே மல்லாந்தேன். சின்ன டாக்டர் ஊசி போட்டு, வாய் மூடாமலிருக்க ரப்பர் கட்டையைச் செருகி, மெஷினை ஓடவிட்டாள். மனைவி குழாயை உள்ளே விட்டாள்.

"என்னங்க, தம்பி இன்னைக்கே பின் ரூமுக்கு வந்துடட்டுமா?"

"ஆ…ஏ…" மாட்டேன் என்றுதான் சொன்னேன்.

"அக்கா, சார் என்னமோ சொல்றாரே," என்றாள் சின்ன டாக்டர்.

"வேணாம்னா வாயை மூடியிருப்பாரே?"

"ஆமாக்கா. சாரே சொல்லியிருக்காரு."

நான் பலமாகத் தலையாட்டி மறுத்தேன்.

"சார், தலையை ஆட்டாதீங்க. மெஷின் ஓடுது."

மனைவி இன்னொரு கையால் போனை எடுத்தாள். "டேய், அத்தான் சம்மதிச்சுட்டார். டாக்டரே சாட்சி."

பல் வேலை முடிந்து, ஒன்றரை மணி நேரம் கழித்து வீட்டுக்கு விரைந்தபோது என் உதடும் நாக்கும் இன்னும் மரத்துத்தான் கிடந்தன. பின்னறையில் இரண்டு பெட்டி. மேஜைக்கு முன்னால் மச்சினன்.

"வாங்க அத்தான். மேஜை வேணுமேன்னு மீதி ஆகாயத்தை நானே முடிச்சுட்டேன். முக்கால் மணி நேரம்கூட ஆகலை."

என் ஐந்து மாதம். என் ஆகாயம். இருந்த பலத்தையெல்லாம் திரட்டி, "இப்பவே வெளியே போடா," என்றேன். வாயிலிருந்து என்ன வந்ததோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

"இதுக்கெல்லாம் எதுக்கு அத்தான் நன்றி?" என்று கூச்சப்பட்டான்.

பின்னாலேயே வந்த மனைவி என் தோளைப் பரிவோடு தட்டினாள். "மரப்பு போற வரைக்கும் கஷ்டப்பட்டுப் பேசாதீங்க. சுலபமா வர்றதை மட்டும் சொன்னாப் போதும். தம்பி கட்டிலை ஜன்னல் பக்கமாப் போட்டுடலாமா?"

மரத்த வாயில் பழுதில்லாமல் வரக்கூடிய எழுத்து ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"ம்," என்றேன்.