முதலில் பார், பாத்திரக்கடை

உலகத்தில் இரண்டு வகைப் பொருள்கள்தான் உண்டு. பாத்திரக்கடை தட்டிப் பார்த்தவை ஒரு வகை. அவள் இன்னும் தட்டாமல் விட்டுவைத்திருப்பவை இன்னொரு வகை. நானும் நர்சிங் படித்தவள், பல வருடம் வார்டில் குப்பை கொட்டியவள், எத்தனையோ விசித்திரப் பிறவிகளைப் பார்த்தவள். ஆனால் மயிலாப்பூர் ஹாஸ்டலில் நான்கு வருடம் என் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த இவளுக்கு ஈடாக இன்னொருத்தியை நான் சந்தித்ததில்லை.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருக்கத்தான் செய்தது. அது அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரோடு சரி, எங்களுக்கு அவள் பாத்திரக்கடைதான். தி.நகரில் அவள் அப்பாவுக்குப் பாத்திரக்கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். இவள் எவர்சில்வர் அடுக்குகளுக்கு நடுவே தவழ்ந்து வளர்ந்தவள். யாராவது ஒரு குடம் கேட்டால், எடுத்துக் கொடுப்பதற்கு முன் விரல் மடக்கி ஒரு தட்டுத் தட்டுவது அந்தக் கடையின் வழக்கம். தகடு கனமா, லேசா, எங்காவது விரிசலா, பற்றவைத்த இடம் சரியா என்று சத்தத்திலேயே தெரிந்துவிடுமாம். கை முதலில், கண் அப்புறம்.

ஹாஸ்டலுக்கு வந்த முதல் நாள் கட்டிலைத் தட்டினாள், அலமாரியைத் தட்டினாள், சுவரைத் தட்டி உள்ளே தண்ணீர்க் குழாய் எந்த வழியாகப் போகிறது என்று சொன்னாள். கடைசியில் என் சாப்பாட்டு டப்பாவைத் தட்டிவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "உன்னை நல்லா ஏமாத்திட்டாங்கடி" என்றாள். அறிமுகம் அவ்வளவுதான்.

முதல் வருடம் உடற்கூறு படித்தோம். எலும்புகளையும் உறுப்புகளையும் மனப்பாடம் செய்து, பரீட்சையில் கொட்டி, மறந்தும் போனோம். இரண்டாம் வருடம்தான் ஆபத்து வந்தது. உள்ளே இருப்பதையெல்லாம் நோயாளியின் உடம்புக்கு வெளியிலிருந்தே கண்டுபிடிக்க வேண்டும் என்றார்கள். இடது கை நடுவிரலை உடம்பின் மேல் பதித்து, வலது கை நடுவிரலால் அதன் மேல் தட்ட வேண்டும். காற்று நிறைந்த நுரையீரல் ஒரு மாதிரி ஒலிக்கும், கெட்டியான ஈரல் வேறு மாதிரி, வாயு நிறைந்த வயிறு மத்தளம் மாதிரி. டியூட்டர் மேடம் செய்து காட்டினார். எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் எல்லா இடமும் 'டொக்' என்றுதான் கேட்டது.

பாத்திரக்கடை மட்டும் என்னைப் படுக்க வைத்து, மார்பிலிருந்து நாலு தட்டுத் தட்டி, "மேடம், இவளுக்கு ஈரல் இங்க ஆரம்பிச்சு இங்க முடியுது" என்று பால்பாயிண்ட் பேனாவால் கோடு போட்டாள். மேடம் தட்டிப் பார்த்தார். கோடு சரியாக இருந்தது. அந்த மை போக எனக்கு மூன்று குளியல் ஆனது.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. காலையில் மொட்டைமாடி டேங்கைத் தட்டி, இன்னும் எத்தனை பேர் தலைக்குக் குளிக்கலாம் என்று அறிவிப்பாள். மெஸ்ஸில் சாம்பார் அண்டாவை வெளியிலிருந்து தட்டி, பருப்பெல்லாம் அடியில் கிடக்கிறது, கரண்டியை ஆழமாக விடுங்கள் என்பாள். மெஸ் அக்காவுக்கு இது பிடிக்காது. அக்காவின் சாம்பாரில் பருப்பு எங்கே கிடக்கிறது என்பது அதுவரை ராணுவ ரகசியமாக இருந்தது.

ஒரு முறை மெஸ் சாப்பாட்டைக் கண்டித்து உண்ணாவிரதம் இருந்தோம். மாலையில் வார்டன் மனம் இரங்கி, பிள்ளைகள் வாடிப்போய்விட்டார்கள் என்று பேச்சுவார்த்தைக்கு வந்த நேரம். தலைவி என்ற முறையில் நான் சோர்ந்து படுத்திருந்தேன். பாத்திரக்கடை பயிற்சிக்காக வரிசையாக எங்கள் வயிறுகளைத் தட்டிக்கொண்டே வந்தாள். என் வயிற்றில் நின்றாள். மறுபடி தட்டினாள். "இது காலி வயிறு இல்லையே. இப்பத்தானடி எதையோ தின்னிருக்கே" என்றாள் வார்டன் முன்னாலேயே. சாந்தோம் கடற்கரையில் நான் தின்ற மிளகாய் பஜ்ஜியோடு எங்கள் போராட்டம் முடிந்தது. நான் அவளோடு இரண்டு நாள் பேசவில்லை. அவள் அதைக் கவனிக்கவே இல்லை, அதுதான் கடுப்பு.

இப்படிப்பட்டவள் செய்முறைத் தேர்வில் முதலாவதாக வருவாள் என்று நினைப்பீர்கள். ஃபெயிலானாள்.

நடந்தது இதுதான். உடம்பில் மற்ற இடங்களில் எல்லாம் பார்ப்பது, தொடுவது, தட்டுவது, கேட்பது என்பது வரிசை. வயிற்றுக்கு மட்டும் வரிசை மாறும். முதலில் பார்க்க வேண்டும், உடனே ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்க வேண்டும், அதன் பிறகே தட்டல், கடைசியில்தான் அமுக்கிப் பார்ப்பது. சும்மா கிடக்கிற குடலைத் தட்டியும் அமுக்கியும் கிளப்பிவிட்டால் அது உருள ஆரம்பித்துவிடும். நாம் கிளப்பிய சத்தத்தை நாமே கேட்டு ஏமாறுவோம். இதைப் பாத்திரக்கடை தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள். ஆனால் தேர்வில் ஒரு பாட்டியம்மாவின் வயிற்றைக் கண்டதும் கை பரபரத்துவிட்டது. எக்ஸாமினர் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் நாலு தட்டு விழுந்துவிட்டது.

டியூட்டர் மேடம் அவளைத் தனியாக அழைத்து, "எல்லாம் சரியாத்தான் சொன்னே. ஆனா நீ கேட்டது அவங்க வயித்தை இல்ல, உன் கையை" என்றாராம்.

சேதி கேட்டு அண்ணாச்சி, அதாவது அவள் அப்பா, ஹாஸ்டலுக்கே வந்துவிட்டார். பெண் நர்சிங் படிப்பதில் அவருக்கு ஆரம்பத்திலிருந்தே இஷ்டமில்லை. ஃபெயிலாகாமல் படித்தால் படி, இல்லாவிட்டால் கடைக்கு வா என்ற நிபந்தனையோடு அனுப்பியவர். விசிட்டர் அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கோபப்படாமல்தான் சொன்னார்.

"இன்னொரு வாட்டி எழுதிக்கோ, வேண்டாங்கல. அதுலயும் போச்சுன்னா வந்துரணும் பாத்துக்கோ. மாடியில குக்கர் செக்‌ஷனுக்கு ஆளில்லாம கெடக்கு."

அவர் போனதும் பாத்திரக்கடை கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். எதையும் தட்டவில்லை. அதைப் பார்த்துத்தான் நான் பயந்தேன்.

"அண்டாவைத் தட்டினா அண்டாவுக்கு ஒண்ணுமில்லடி. ஒரு ஆளைத் தட்டினா, அவருக்கு எந்த இடத்துல கஷ்டம்னு என் காதுக்குத் தெரியுது. இதை வெச்சுக்கிட்டு நான் எப்படிடி குக்கர் விப்பேன்?"

பஜ்ஜி விவகாரத்தை அந்த நிமிடமே மன்னித்தேன். துணைத் தேர்வுக்கு ஒரு மாதம் இருந்தது. மறுநாள் காலை என் துப்பட்டாவை எடுத்து அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டினேன். எதுவாக இருந்தாலும் பார், கேள், அப்புறம் தட்டு, கடைசியில் தொடு. வகுப்பு நேரம் போக மற்ற நேரமெல்லாம் இதுதான் சட்டம்.

மெஸ்ஸில் தட்டில் இட்லி விழும். அவள் அதை ஒரு நிமிடம் உற்றுப் பார்ப்பாள். குனிந்து காதை வைப்பாள். நான் கட்டை அவிழ்த்தால் ஒரு தட்டு. பிறகுதான் சாப்பாடு. மூன்று நாள் பொறுத்த மெஸ் அக்கா நான்காம் நாள் கரண்டியோடு வந்து நின்றார்.

"இன்னாமே, அது எதுனா பேசும்னு குந்திக்கினு கீறியா?"

பாண்டி பஜாரில் தர்பூசணி வாங்கப் போனோம். முன்பெல்லாம் கடையில் இருக்கிற அத்தனை பழத்தையும் தட்டி, கடைக்காரர் விரட்டிய பிறகு நகர்கிறவள், இப்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரே பழத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கடைக்காரர் என்னிடம் ரகசியமாக, அந்தப் பெண்ணுக்கு எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்று விசாரித்தார். மிச்ச நேரமெல்லாம் பயிற்சிக்கு என் வயிறு. என்னைவிட அவளுக்குத்தான் அது நன்றாகத் தெரியும் என்ற நிலைமை வந்துவிட்டது.

மூன்றாவது வாரம் ஒரு மாற்றம் தெரிந்தது. சாம்பார் ஊற்ற வந்த மெஸ் அக்காவை இவள் தலையிலிருந்து கால் வரை பார்த்துவிட்டு, "அக்கா, ரெண்டு காலும் வீங்கியிருக்கே. செருப்பு வாரு அச்சு அப்படியே பதிஞ்சிருக்கு" என்றாள். அக்காவுக்குப் பிரஷர் எகிறிக் கிடந்தது அப்போதுதான் தெரிந்து, மருந்து ஆரம்பித்தார்கள். ஒன்றரை வருடம் அந்த அம்மாளின் அண்டாவைத் தட்டியவள் அன்றுதான் அவர் காலைப் பார்த்திருக்கிறாள். இதை அவளே என்னிடம் வெட்கத்தோடு ஒப்புக்கொண்டாள்.

துணைத் தேர்வு அன்று அதே வார்டில் எனக்கு போஸ்டிங். மருந்து டிராலியை வேண்டுமென்றே அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். அவளுக்கு விழுந்த நோயாளி ஒரு ஆட்டோ டிரைவர். முந்தின நாள் காலில் ஆபரேஷன். சிறுநீருக்குப் போட்டிருந்த குழாயை அன்று விடியற்காலையில் எடுத்திருந்தார்கள். வயிற்றைப் பரிசோதனை செய் என்றார் வெளியூரிலிருந்து வந்திருந்த எக்ஸாமினர். டியூட்டர் மேடம் பக்கத்தில் நின்றார்.

பாத்திரக்கடையின் கைகள் பின்னால் போயின. துப்பட்டா இல்லாமலே கட்டிப்போட்ட மாதிரி நின்றன. அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். எக்ஸாமினர் கடிகாரத்தைப் பார்த்தார். மறந்துபோய் நிற்கிறாள், குக்கர் செக்‌ஷன்தான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

"அண்ணே, ரொம்ப வேர்க்குதே. எங்கயாவது கஷ்டமா இருக்கா?" என்றாள்.

"கால் வலிதாம்மா. வேற ஒண்ணியும் இல்ல."

ஆனால் அவர் விரல்கள் படுக்கை விரிப்பைக் கசக்கிக்கொண்டிருந்தன. தொப்புளுக்குக் கீழே லேசாக மேடிட்டிருந்தது. ஸ்டெதஸ்கோப்பை வைத்து நிதானமாகக் கேட்டாள். பிறகுதான் தட்டினாள். மேலே மத்தளம், மத்தளம், மத்தளம். தொப்புளைத் தாண்டியதும் அவள் விரல் நின்றது. மறுபடி ஒரு முறை, மிக மெதுவாக. அவள் முகத்தைப் பார்த்தே எனக்குப் புரிந்தது. தண்ணீர் நிறைந்த குடத்தைத் தட்டும்போது அந்த முகம்தான் வரும்.

அமுக்கிப் பார்ப்பது ஒன்றுதான் பாக்கி. அதற்குத் தனி மார்க். அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"கடைசி ஸ்டெப்?" என்றார் எக்ஸாமினர்.

"இப்ப அமுக்க மாட்டேன் மேடம். அண்ணனுக்கு மூத்திரம் முட்டிக்கிட்டு நிக்குது. அமுக்கினா உயிர் போயிரும். மொதல்ல அவர் போகட்டும், மார்க் அப்புறம் பார்த்துக்கலாம்."

டியூட்டர் மேடம் கண்ணை மூடிக்கொண்டார். வார்டு சிஸ்டர் ஓடிவந்தார். காலையிலேயே கேட்டதற்கு, போய்விட்டேன் என்று சொன்னாரே என்றார். ஆட்டோக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டு, சின்னக் குரலில் உண்மையைச் சொன்னார்.

"இன்னா சிஸ்டர் சொல்றது. சுத்தி பொம்பளப் புள்ளைங்களா கீது. பட்த்துக்கினே எப்டி போறது?"

பாத்திரக்கடை சிஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, திரையை இழுத்தாள். கட்டிலின் தலைமாட்டை உயர்த்தினாள். வார்டு பாயைக் கூப்பிட்டு, யூரின் பாட்டிலோடு உள்ளே விட்டாள். மூலையில் இருந்த குழாயைத் தண்ணீர் சத்தம் கேட்கும்படி திறந்துவிட்டாள். பிறகு எங்களைப் பார்த்து, "பொம்பளைங்க எல்லாரும் வெளிய போங்க, மேடம் நீங்களுந்தான்" என்றாள். ஒரு எக்ஸாமினரை மாணவி ஒருத்தி வார்டை விட்டு வெளியேற்றியதை அன்றுதான் பார்த்தேன். வராந்தாவில் அவரும் டியூட்டர் மேடமும் நானும் டிராலியும் வரிசையாக நின்றோம். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஆட்டோக்காரர் விட்ட பெருமூச்சு வராந்தா வரைக்கும் கேட்டது. வார்டு வாசலில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருந்த பாத்திரக்கடை எங்கள் பக்கம் திரும்பி, "ஒரு பெரிய சொம்பு மேடம்" என்றாள். அளந்தார்கள். முக்கால் லிட்டருக்கு மேல் இருந்தது.

எக்ஸாமினர் உள்ளே போனதும், அவள் விட்ட இடத்திலிருந்து தொடங்கி, வயிற்றைப் பதமாக அமுக்கிப் பார்த்து முடித்தாள். அப்பா என்ன செய்கிறார் என்று அவர் கேட்டார். அவள் சொன்னாள். "அதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுதிக்கொண்டார். ரிசல்ட்டில் பாஸ்.

அண்ணாச்சி மறுபடி ஹாஸ்டலுக்கு வந்தார். இந்த முறை நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு டம்ளர், பெயர் வெட்டிக் கொண்டுவந்திருந்தார். மகளுடைய டம்ளரில் 'பாத்திரக்கடை' என்றே வெட்டியிருந்தது. நாங்கள் அவளை எப்படிக் கூப்பிடுகிறோம் என்பதை யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். மனிதர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டுவிட்டார்.

போன மாதம் எனக்குப் பித்தப்பை ஆபரேஷன். ஊரே வந்து பார்த்தது. உள்ளே வரும்போதே பேசிக்கொண்டே வந்தார்கள். ஒருவர் பப்பாளி வேண்டாம் என்றார், ஒருவர் பப்பாளிதான் மருந்து என்றார். எல்லோரிடமும் நன்றாக இருக்கிறேன் என்று சிரித்தேன். மூன்றாம் நாள் அடையாறில் டியூட்டி முடித்து, யூனிபாரம் மாற்றாமல் பாத்திரக்கடை வந்தாள். இப்போது அவள் ஒரு வார்டுக்கே பொறுப்பு. தலை நரைத்திருக்கிறது.

வந்தவள் கட்டிலருகே நின்றாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். அப்புறம் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "தூங்கலையாடி? சொல்லு" என்றாள். மகள் வெளிநாடு போன பிறகு வீட்டில் நான் ஒருத்திதான், டிஸ்சார்ஜ் ஆகிப் போகவே பயமாக இருக்கிறது என்று, யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொல்லி அழுதேன். முழுசாகக் கேட்டாள். அதன் பிறகுதான் என் கையைத் தொட்டாள். பத்து நாள் லீவு போட்டு என் வீட்டில் வந்து இருக்கப் போவதாகச் சொன்னாள். என்னைக் கேட்கவில்லை, சொன்னாள்.

எழுந்து போகும்போது, இவ்வளவு நேரம் அடக்கிவைத்தது தாங்காமல், கட்டில் கம்பியை ஒரு தட்டுத் தட்டி, "மட்டமான குழாய்" என்று முகத்தைச் சுளித்துவிட்டுப் போனாள். அவள் போனதும் அந்தக் கம்பியை நானும் ரொம்ப நேரம் தட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு இன்னமும் 'டொக்' என்றுதான் கேட்கிறது.