ஒற்றை டி, இரட்டை டி

எல்லா ஊரிலும் ஒரு கொள்ளைக்காரன் செத்திருப்பான். அவனுக்குச் சொந்தக்காரர் ஒருவர் பிழைத்திருப்பார்.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். நீங்கள் மழையைப் பற்றிப் பேசினாலும், மாட்டுக் காய்ச்சலைப் பற்றிப் பேசினாலும், போன மாதம் காலமான உங்கள் மாமியாரைப் பற்றியே பேசினாலும், அவர் கண்ணை மூடி, கொஞ்சம் பொறுத்து, "எங்க பாட்டன் லூட்டும் இப்படித்தான்..." என்று தொடங்குவார். நீங்கள் வந்த காரியம் அன்றைக்கு நடக்காது.

அமெரிக்காவின் வயோமிங்கில் எங்கள் ஊருக்கு வாய்த்தவர் வெர்ன் ப்ரூயிட். மாட்டுத் தீவனக் கடைக்காரர். ஐரா கெட்லர் என்றொரு கொள்ளைக்காரன் மீசை முளைக்காத பையன்களைச் சேர்த்துக்கொண்டு ரயிலை மறித்த காலத்தில், அந்தப் பையன்களில் ஒருவன் லூட் ப்ரூயிட் என்பது ஊர் நம்பிக்கை. ஐராவின் வலது கையே லூட்தான் என்பது வெர்னின் சேர்க்கை. குளிர் கூடக் கூட, கதையில் லூட் சுட்ட ஷெரீப்களின் எண்ணிக்கையும் கூடும். ஜூலை ஊர்வலத்தில் முதல் குதிரை வெர்னுக்கு. பின்னால் பள்ளிக்கூடப் பையன்கள் மூக்கு வரை சிவப்புத் துணி கட்டிக்கொண்டு வருவார்கள். இரண்டாவது குதிரை எதிர்க்கடை ஆர்லோவுக்கு. அவருடைய பாட்டன் ஐராவிடம் பறிகொடுத்தவர். பறித்த வம்சம் முன்னால், கொடுத்த வம்சம் பின்னால். நியாயம்தானே?

அப்புறம் சினிமாக்காரர்கள் வந்தார்கள். ஐராவையும் அவன் பையன்களையும் வைத்துப் படம். வெர்ன் அவர்கள் குதிரைகளுக்கு ஒரு மூட்டை ஓட்ஸ் கொண்டுபோய்க் கொடுத்து, முழுக் கதையையும் சொல்லிவிட்டு வந்தார். அவர்கள் தலையாட்டினார்கள். குதிரைகளும்.

படம் ஊர்க் கொட்டகைக்கு வந்தபோது வெர்ன் புதுத் தொப்பியோடு முதல் வரிசையில் உட்கார்ந்தார். திரையில் ஐரா தூங்குகிறான். லூட் எழுந்து, சத்தம் வராமல் பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு ஷெரீப் வீட்டுக்கு நடக்கிறான். வெள்ளிப் பூண் போட்ட ஒரு சேணத்துக்குத் தலைவனைக் காட்டிக்கொடுக்கிறான். ஐராவைத் தூக்கில் போடுகிறார்கள்.

பின்வரிசையிலிருந்து ஆர்லோவின் குரல் வந்தது.

"யோவ் வெர்ன், அந்தச் சேணம் இன்னும் வீட்டுலதான் இருக்கா?"

ஊர்வலத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை. முதல் குதிரையை ஆர்லோவுக்கு மாற்றிவிடலாமா என்று விழாக்குழு கூடிப் பேசுவதாகக் கேள்வி. மறுநாள் காலை வெர்ன் கடை வாசலில் ஏணி போட்டார். பலகையில் 'ப்ரூயிட்' என்ற பெயரின் கடைசியில் 'டி' என்ற ஆங்கில எழுத்து ஒன்று இருந்தது. பக்கத்தில் இன்னொன்று எழுதினார். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அவர் மனைவி டோரீன்.

"மேல என்னய்யா பண்ற?"

"லூட் ஒத்தை டி. நாம ரெட்டை டி. அது வேற குடும்பம்."

"நேத்து வரைக்கும் ஒத்தைதான இருந்துது?"

"நேத்து பெயின்ட் இல்ல."

"உங்கப்பா கல்லறையில?"

"அவரு எதுலயும் சிக்கனம். ஏணியப் பிடி, ஆட்டாத."

சனிக்கிழமை வெளியூர்க் கார்கள் வந்து நின்றன. இறங்கிய பெண்களும் பையன்களும் பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தார்கள். லூட்டாக நடித்த பையனுக்கு அப்படி ஒரு கண். ஊர் ஊராக அவனுக்காக அழுதிருக்கிறார்கள். ஐராவை யாரும் சட்டை செய்யவில்லை.

"லூட் ப்ரூயிட்டோட குடும்பம் இங்கதான இருக்கு?" என்று வெர்னின் கடை வாசலில் ஒரு பெண் கேட்டாள்.

எதிரிலிருந்து ஆர்லோ தொண்டையைக் கனைத்தார். "இல்லம்மா, இவரு ரெட்டை—"

"ஆர்லோ, உன் கடையில போன் அடிக்குது பாரு."

வெர்ன் பலகையை அண்ணாந்து பார்த்தார். "பெயின்டர் பண்ண தப்பும்மா. சரி பண்ணச் சொல்லியிருக்கேன்." பிறகு கண்ணை மூடி, கொஞ்சம் பொறுத்தார். "எங்க பாட்டன் லூட் பூட்ஸக் கழட்டினது எதுக்குன்னு நெனைக்கிற? ஐராவோட தூக்கம் கெடக்கூடாதுன்னு. அவ்வளவு மரியாதை."

அந்தப் பெண் அங்கேயே நின்று அழுதாள்.

சாயங்காலம் மறுபடியும் ஏணி. டோரீன் பிடித்துக்கொண்டார். இரண்டாவது 'டி'யைச் சுரண்டிய இடம் மட்டும் இன்னும் வெளுத்துத் தெரிகிறது. ஊர்வலத்தில் முதல் குதிரை வெர்னுக்குத்தான். சேணத்தின் இருபுறமும் பூட்ஸ் தொங்க, வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார். பின்னால் பையன்களும் வெறுங்கால். ஜூலை வெயிலில் தார் ரோட்டில் தவளைகளைப் போலத் துள்ளித் துள்ளி வந்தார்கள். ஊரே கைதட்டியது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டுக் கூடத்தில், தோளில் கைபோட்டுக்கொண்டு ஒரு பெரிய மனிதரோடு நீங்கள் எடுத்துக்கொண்ட போட்டோ ஒன்று மாட்டியிருந்ததே? அவர் கைதான அன்று காலையிலேயே கழற்றிவிட்டீர்கள். சரி. ஆணியை ஏன் இன்னும் பிடுங்கவில்லை?