முட்டாய்த் தாள் எந்தத் துறை?

கேரள எல்லையில், கோவிந்தாபுரத்துப் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம். அங்கே ஏழாம் வகுப்புப் படிக்கும் கௌசிகாவுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. கீழே குப்பை கிடந்தால் எடுத்துத் தொட்டியில் போட்டுவிடுவாள். யாரிடமும் அனுமதி கேட்கமாட்டாள்.

தனியொருத்தி இப்படிச் செய்வது மாணவர் பங்கேற்பு ஆகாது, எல்லோரும் பங்கேற்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. தலைமையாசிரியர் பஞ்சாபகேசன் கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர். உத்தரவைக் கோயில் பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். உடனே ‘சுசித்வ மந்திரிசபை’, அதாவது சுத்தத்துக்கென்று ஒரு மந்திரிசபை, உதயமானது. பிரதீப் காகித மந்திரி, செல்வப்பிரியா பிளாஸ்டிக் மந்திரி. மாங்கொட்டைக்குக்கூட ஒரு மந்திரி. கௌசிகாவை மட்டும், குனிந்தே பழகியவளுக்குப் பதவி சரிப்படாது என்று பொதுஜனமாக விட்டுவிட்டார்கள்.

பதவியேற்ற அன்றே மைதானத்தின் நடுவில் ஒரு முட்டாய்த் தாள் விழுந்தது.

“மேல பளபளன்னு பிளாஸ்டிக்கு. உன்ற துறைதான்” என்றான் பிரதீப்.

“உள்ளுக்குள்ள காகிதம் ஒட்டியிருக்குதல்லொ? உன்ற துறை” என்றாள் செல்வப்பிரியா.

“நான் வேணா எடுத்துப் போட்டர்றனே” என்றாள் கௌசிகா.

“எடுக்கறதுக்கு நீ யாரு?” என்றார்கள் இரண்டு மந்திரிகளும். அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

வழக்கு தலைமையாசிரியரிடம் போனது. தீர்ப்பு வரும்வரை தாள் உள்ளது உள்ளபடியே இருக்கவேண்டும் என்றார் அவர். சுற்றிலும் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். மலைக் கணவாய்க் காற்று ஆளையே தள்ளும், தாள் எம்மாத்திரம்? அதனால் மேலே ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தார்கள். தூறல் விழவே, முறைவைத்துக் குடை பிடித்தார்கள்.

மறுநாள் உபஜில்லா கல்வி ஆபீசர் சிஜு பார்வையிட வருவதாகத் தகவல். கௌசிகாவுக்குப் பொறுக்கவில்லை. காலையில் வந்ததும் டம்ளரைத் தூக்கி, தாளை எடுத்துத் தொட்டியில் போட்டுவிட்டாள். மந்திரிசபையே அலறியது. பஞ்சாபகேசன் ஓடி வந்தார்.

“நோக்கு என்ன தைரியம்டீ! விசாரணையில இருக்கற வஸ்துவாக்கும் அது!”

“குப்பைதானுங்களே சார்?”

“நேத்திக்கு வரைக்கும் குப்பை. இன்னிக்கு அது ஃபைல்!”

தொட்டிக்குள் கைவிட்டுத் துழாவி அந்தத் தாளை எடுத்தாள் கௌசிகா. பிறந்ததிலிருந்து அவள் தரையில் குப்பை போட்டதே இல்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது. எப்படியோ கோட்டுக்குள் வைத்தாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டலின் நடுவில் சிஜு வந்து இறங்கினார். கோட்டைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார், குடையைப் பார்த்தார்.

“இது எந்தா சம்பவம்?”

பஞ்சாபகேசன் குடைக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார். கௌசிகாதான் உள்ளதைச் சொன்னாள்.

“குப்பைங்க சார். யாரும் எடுக்கக் கூடாதுங்க.”

சிஜு கௌசிகாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “ஒரே ஒரு குப்பை! அதுக்கு ஸ்கூல் முழுக்கக் காவல்! இதல்லே மாணவர் பங்கேற்பு! அடிபொளி! பிரமாதம்!”

உபஜில்லாவின் எல்லாப் பள்ளிகளிலும் இதேபோல் ஒரு குப்பை நிறுவப்படவேண்டும் என்று அடுத்த வாரமே உத்தரவு பறந்தது. பாவம், சில பள்ளிகளில் ஆயா கூட்டித் தள்ளிவிட்டதால் ஒரு துரும்புகூட இல்லை. குப்பை அனுப்பி உதவுமாறு இந்தப் பள்ளிக்கு வேண்டுகோள்கள் குவிந்தன. பிள்ளைகள் கடமையுணர்ச்சியோடு முட்டாய் தின்றார்கள். பல்தான் சொத்தையானது. குப்பையைக் குறைக்கும் இயக்கத்துக்குக் குப்பை போதவில்லை.

கடைசியில் ஊர்மக்களின் உதவியை நாடுவதென்று மந்திரிசபை தீர்மானித்து, ஊரெங்கும் நோட்டீஸ் ஒட்டியது. பள்ளி வாசலில் தலைக்கு ஒரு குப்பை போட்டுவிட்டுப் போகவேண்டியது. பழக்கமில்லாத ஜனங்களுக்கு முதலில் பயிற்சி கொடுக்கவேண்டுமே என்று பஞ்சாபகேசன் கவலைப்பட்டார். குப்பையைத் தன் கையாலேயே முறைப்படி வைத்த அனுபவம் இருந்ததால், கௌசிகாவைப் பயிற்சியாளராக நியமித்தார்கள்.

மறுநாள் காலையில் மைக்கோடு வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பள்ளிக்கூடத்து கேட்டைத் திறக்க முடியவில்லை. முழங்கால் உயரத்துக்குக் குப்பை குவிந்து கிடந்தது.

ஊரில் ஒருத்தருக்குக்கூடப் பயிற்சி தேவைப்படவில்லை.