ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போன நாவல்

புத்தகம் படிக்கிறவன் தன் நண்பனுக்குச் செய்யக்கூடிய கெடுதல்களில் முதன்மையானது, அவனுக்குப் புத்தகம் கொடுப்பது. சரக்கு வாங்கிக் கொடுப்பவனாவது மறுநாள் காலையில் மோர் வாங்கிக் கொடுப்பான். நாங்கள் அதுவும் செய்வதில்லை. "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு அடுத்த புத்தகத்தை நீட்டுவோம்.

நாங்கள் என்றால் மூன்று பேர். வில்லியனூரில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் தனகோடி, பூரணாங்குப்பத்தில் மீன் வியாபாரம் பார்க்கும் ஏழுமலை, திருபுவனையில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கும் நான். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஏழுமலையின் வியாபாரம் முடிந்ததும், தனகோடி கடைக்குள் பெயிண்ட் டப்பாக்களின்மேல் உட்கார்ந்து புத்தகம் மாற்றிக்கொள்வோம். (ஏழுமலையிடமிருந்து திரும்பி வரும் புத்தகத்தை எங்கள் வீட்டுப் பூனை ஆழ்ந்து முகரும். என் வீட்டில் வேறு யாருக்கும் அந்த அளவு இலக்கிய ஆர்வம் கிடையாது.) ஆளுக்கு ஓர் ஆதர்ச எழுத்தாளர். அவர்களின் பெயர்களைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அவர்களுடைய வாசகர்கள் உறுவையாறில் என் வீடுவரை தேடிவந்து என்னிடம் விளக்கம் கேட்பார்கள்.

எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு சட்டம். என்ன ஆனாலும் முடிவைச் சொல்லக் கூடாது. ஒருமுறை ஏழுமலை வாய்தவறி ஒரு நாயகி கிணற்றில் விழப்போவதைச் சொல்லிவிட்டான். தீபாவளிவரைக்கும் தனகோடி அவனோடு பேசவில்லை.

அந்தத் தனகோடிக்குத்தான் ஒருநாள் கடைப்படியிலேயே நெஞ்சு வலித்தது. புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அடைப்பு நிறைய இருக்கிறது, பைபாஸ் செய்தே ஆகவேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார் டாக்டர். தனகோடியின் மனைவி மல்லிகா தைரியமாக நின்றாள். தனகோடி எல்லோரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னிடம், "சும்மா படுத்துக்கினு இருந்தா பயமா இருக்குதுடா. படிக்க எதுனா எடுத்தாயேன்" என்றான்.

இந்த இடத்தில் ஒரு சராசரி மனிதன் வாரப் பத்திரிகை வாங்கிக் கொடுத்திருப்பான். நான் வீட்டுக்குப் போய் என் அலமாரியின் முன்னால் நின்று யோசித்தேன். என் ஆதர்ச எழுத்தாளரின் நாவல் ஒன்றை எடுத்தேன். கதாநாயகன் இதய ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருப்பான். ஆஸ்பத்திரியின் வாசனையை அவரைப்போலத் தமிழில் யாரும் எழுதியதில்லை. சூழலுக்குப் பொருத்தமான புத்தகம் என்று எனக்கு அவ்வளவு பெருமை. ஏழுமலையிடம் சொன்னதும் அவனும் "நல்ல சாய்ஸ்டா" என்றான். ஒரே மூளையை நாங்கள் இரண்டு பேரும் பங்குபோட்டு உபயோகித்துக்கொண்டிருந்தோம் என்று நினைக்கிறேன்.

மறுநாள் சாயங்காலம் போனபோது தனகோடி பாதி நாவலைத் தாண்டியிருந்தான். முகம் வெளுத்திருந்தது. புத்தகத்தை நெஞ்சின்மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு கேட்டான்.

"இன்னாடா, இவன் பொழைப்பானா?"

கேள்வி நாவலைப் பற்றியதல்ல என்பது வார்டைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாவுக்குக்கூடப் புரிந்திருக்கும். எனக்குச் சட்டம்தான் ஞாபகம் வந்தது. மர்மமாகப் புன்னகை செய்தேன். "படிச்சுத்தான் தெரிஞ்சுக்கணும்" என்றேன். தனகோடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். புத்தகத்தில் மூழ்கிவிட்டான் என்று நினைத்து, தொந்தரவு செய்யாமல் நாகரிகமாக வெளியே வந்தேன்.

அடுத்த நாள் காலையில் மல்லிகா போன் செய்தாள். "அண்ணா, இவுரு ஆபரேசனுக்குக் கையெழுத்துப் போட மாட்டேங்கறாரு. வூட்டுக்கு இட்டுக்கினு போன்றாரு. டாக்டரு திட்டிட்டுப் போறாரு. நீ இன்னா புக்குண்ணா குத்த?"

ஓடினேன். தனகோடி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான். வாழ்க்கையில் முதல்முறையாகச் சட்டத்தை மீறினேன்.

"டேய், அவன் பொழச்சிக்கறான்டா."

"யாரு, ஒங்காளு கதையிலயா?" என்றான் தனகோடி. "அவுரு எயுதுனது எல்லாத்தையும் நீதானே எனக்குக் குத்த. ஆஸ்பத்திரிக்குள்ள போன எவன அவுரு உசுரோட வெளிய வுட்டிருக்காரு?"

நல்ல வாசகனிடம் பொய் சொல்ல முடியாது. அவனை நல்ல வாசகனாக்கியதும் நான்தான். அதோடு விட்டிருக்கலாம். அவன் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் பிரித்து என் முகத்துக்கு நேரே நீட்டினான். ஆபரேஷன் மேசையில் கதாநாயகனின் மூச்சு அடங்குகிற பத்தி. முழுப் பத்திக்கும் பென்சிலால் கோடு போட்டிருந்தது. ஓரத்தில் என் கையெழுத்தில் "அற்புதம்" என்று எழுதி, இரண்டு ஆச்சரியக்குறிகள்.

"நான் செத்தாலும் இப்டித்தான் கோடு போடுவியா?" என்றான்.

மல்லிகா என்னைப் பார்த்த பார்வைக்கு நான் அந்தக் கதாநாயகனாகவே இருந்திருக்கலாம்.

சாயங்காலத்துக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் ஆபரேஷன் தேதி தள்ளிப்போய்விடும் என்று நர்ஸ் சொன்னார். புத்தகத்தால் வந்ததைப் புத்தகத்தால்தான் சரிசெய்ய வேண்டும் என்று (இன்னமும் திருந்தாமல்) முடிவு செய்தேன். ஏழுமலையை வரவழைத்து, என் வீட்டு அலமாரிகளை இரண்டு பேரும் தரையில் இறக்கினோம். ஒரு நோயாளி குணமாகி வீட்டுக்குத் திரும்பும் கதை ஒன்று வேண்டும். ஒன்று போதும்.

இல்லை. காசநோய்க்காரர்கள் இருமி இருமிச் செத்தார்கள். பிரசவத்துக்குப் போனவர்கள் திரும்பவில்லை. சாதாரணக் காய்ச்சலில் படுத்த ஒரு தபால்காரர்கூட மூன்றாவது அத்தியாயத்தைத் தாண்டவில்லை. ஒருத்தர் பிழைத்தார், ஆனால் பைத்தியமாகிவிட்டார். வாசக நண்பர்களுக்குப் போன் போட்டோம். அவர்கள் உற்சாகமாக ஒவ்வொன்றாகப் பரிந்துரைத்துவிட்டு, "கடைசியில செத்துருவாரு, ஆனா பிரமாதமா இருக்கும்" என்றார்கள். புத்தகக் குவியலுக்கு நடுவில் நாங்கள் பிணவறைக் காவலாளிகள்போல உட்கார்ந்திருந்ததைக் கதவருகே நின்று பார்த்தாள் என் மனைவி.

"ஒருத்தன்கூடவா டிஸ்சார்ஜ் ஆவல?" என்றாள். "இதுக்கா மாசாமாசம் துட்டக் குடுத்து வாங்கிக்கினு வரீங்க?"

இத்தனை வருட வாசிப்புக்கு இதைவிடக் குரூரமான விமர்சனத்தை நான் கேட்டதில்லை. அதில் பிழை இல்லை என்பதுதான் இன்னும் குரூரம்.

வெறுங்கையோடு திரும்பினோம். தனகோடி பையைக் கட்டி மடியில் வைத்திருந்தான். மல்லிகா அழுது முடித்துவிட்டு, ஆபரேஷன் சம்மத ஃபாரத்தையும் பேனாவையும் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள். நான் தலைகுனிந்து, எங்கும் கிடைக்கவில்லை என்று ஒப்புக்கொண்டேன்.

"ஒங்க ரெண்டு பேரு ஆளுங்களும் கொலகாரப் பசங்க," என்றான் தனகோடி. "எங்காளா இருந்தா காப்பாத்தியிருப்பாரு."

ஏழுமலை அன்று காலையிலிருந்து சாப்பிடவில்லை. "ஒங்காளா? அவுரு கதையில நாய் நொண்டுனா அடுத்த பக்கத்துல பொதைக்கறாங்க" என்றான்.

"ரெண்டாவது தொகுப்புல ஒண்ணு இருக்குது. அந்த மாமியாக்காரி கத. பொழச்சி எய்ந்து வந்து மருமவள வையும்."

"கெடையாது."

"இருக்குதுடா. கடையில, பிரைமர் டப்பாக்குப் பின்னாடி வச்சிருக்கேன்."

"இருந்தா இன்னா? நீ எங்க வந்து காட்டப்போற? அதான் ஆபரேசன் வாணான்னுட்டியே. ஆளு போயிட்டா கெடையாதுன்னுதான் நான் சொல்லிக்கினு திரிவேன்."

ஏழுமலையின் வாயைப் பொத்த நான் எழுந்தேன். தனகோடியின் காதுகள் சிவந்துவிட்டன.

"இன்னாடா சொன்ன? நாளைக்கே அறுத்துக்கினு வந்து, அந்தப் பக்கத்த ஒன் மூஞ்சில தேய்க்கறேன் பாரு."

மல்லிகா ஃபாரத்தை நீட்டினாள். அவன் ஏழுமலையை முறைத்தபடியே கையெழுத்துப் போட்டான். பெயிண்ட் டப்பாவின் லேபிளைக்கூட ஓரம்வரை படிக்கிற மனிதன், ஆயுளில் படிக்காமல் கையெழுத்துப் போட்ட ஒரே காகிதம் அதுதான். பிறகு நர்ஸ் வந்து எங்களை வெளியே தள்ளினார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நடமாட ஆரம்பித்ததும் அவன் முதல் வேலையாகக் கடைக்குப் போய் அந்தத் தொகுப்பை எடுத்தான். ஏழுமலையும் நானும் பக்கத்தில் நின்றோம். பக்கங்களைப் புரட்டினான், படித்தான், மூடினான். நான் வாங்கிப் பார்த்தேன். கடைசிக்கு முந்தைய பத்தியில் மாமியார் செத்துவிடுகிறார். என்றோ படித்ததைத் தப்பாக ஞாபகம் வைத்திருந்ததால் பிழைத்த மனிதன், எனக்குத் தெரிந்து, தனகோடி ஒருவன்தான்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுகிறோம். சட்டத்தை மட்டும் தலைகீழாக்கிவிட்டான். யார் யார் சாகிறார்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் புத்தகத்தைக் கையில் கொடுக்க வேண்டும். அப்படிச் சொல்லிக் கேட்டால் எந்தப் புத்தகமும் படிக்கிறமாதிரி இல்லை. ஆகவே பெரும்பாலும் டீ குடிக்கிறோம்.

தனகோடி, ஏழுமலை இரண்டு பேர் குடும்பத்திலும் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் எனக்குக் கடைசியில்தான் சொல்வார்கள். போன வருடம் தனகோடியின் மகளுக்குக் குழந்தை பிறந்தது. மல்லிகா எல்லோருக்கும் போன் செய்து சந்தோஷமாகச் சொன்னாள். பச்சைக் குழந்தையைப் பார்க்க யாரும் சும்மா போகமாட்டார்கள். சட்டையோ சோப்போ ஏதாவது வாங்கிப் போவார்கள். எனக்கு மட்டும் தனியாகச் சொன்னாள்:

"அண்ணா, அவசியம் வந்து பாத்துட்டுப் போ. கைய வீசிக்கினு வா."