குதிரை ஓடிப்போன பானெட்

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய புளியந்தோப்பில் ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே வண்டிகள் வரிசை கட்டி நின்றன. வாடகைக் கார், பால் வண்டி, பள்ளிக்கூட வேன் என்று சகலமும். எல்லாம் அசுவானந்த சுவாமிகளிடம் தோஷம் பார்க்க வந்தவை. மனிதர்களுக்குப் பலன் சொல்கிற சாமியார்கள் இந்த ஊரில் தடுக்கி விழுந்தால் கிடைப்பார்கள். போட்டி ஜாஸ்தி. சுவாமிகள் விவரமானவர், வண்டிகளுக்குப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். வண்டியில் ஒரு சௌகரியம்: பலிக்கவில்லை என்று திரும்பி வந்து சட்டையைப் பிடிக்காது.

வரிசையில் அப்பாதுரையும் தன் காரோடு நின்றான். பக்கத்தில் அவன் மனைவி சரோஜா. ரமணாசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களை ஏற்றி இறக்குகிற கார் அது. அந்த வீட்டில் அடுப்பு எரிவதே அதனால்தான். போன மாதம் ஒரு நாய் குறுக்கே வந்து பம்பர் நசுங்கியது. நாய் எழுந்து உதறிக்கொண்டு போய்விட்டது. அப்பாதுரைக்குத்தான் அன்றிலிருந்து தூக்கம் இல்லை.

சுவாமிகளின் முதுகுக்குப் பின்னால் பெரிய பேனர் தொங்கியது. மஞ்சள் கேடயம். நடுவில் முன்னங்கால்களைத் தூக்கி நிற்கிற கருப்புக் குதிரை. தலைமாட்டில் பச்சை, வெள்ளை, சிவப்புக் கோடுகள். கீழே இரண்டு இங்கிலீஷ் எழுத்துகள். உலகத்துக்கு அது ஃபெராரி ரேஸ் காரின் சின்னம். தோப்புக்குள் மட்டும் அதன் பெயர் அசுவ யந்திரம்.

"பச்சை புதன், வெள்ளை சுக்கிரன், சிவப்பு செவ்வாய். மஞ்சள் குரு. குதிரை யாரு? சனி பகவான்!" என்று சுவாமிகள் மைக்கில் முழங்கினார். "அஞ்சு கிரகத்தை ஒரே சட்டத்துல கட்டிப் போட்டவர் நம்ம மலையில இருந்த சித்தர். கிரிவலம் வந்த இத்தாலிக்காரன் ஒருத்தன் காலில் வுழுந்து வாங்கினு போனான். அதான் அவன் காரு அந்த ஓட்டம் ஓடுது!"

"அந்த ரெண்டு எழுத்துக்கு இன்னா சாமி அர்த்தம்?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"அதைச் சொன்னா உனக்கு நாக்கு வுழுந்துடும்."

கேட்டவர் வாயைப் பொத்திக்கொண்டார். நாக்கு முக்கியமில்லையா?

அப்பாதுரைக்கு மெய்சிலிர்த்தது. அவன் காரில் போன வாரம் ஏறிய இத்தாலிக்கார அம்மா கண்ணாடியில் ஒட்டியிருந்த இதே குதிரை ஸ்டிக்கரைப் பார்த்துச் சிரித்துவிட்டு வேறு கதை சொல்லியிருந்தாள். மஞ்சள் அந்தக் கம்பெனி முதலாளி பிறந்த ஊரின் நிறமாம். மூன்று கோடும் அவர்கள் நாட்டுக் கொடியாம். குதிரை ஒரு போர் விமானி தன் விமானத்தில் வரைந்து வைத்திருந்ததாம். பாவம், வெள்ளைக்காரிக்கு உள்விவகாரம் தெரியவில்லை என்று அப்பாதுரை அப்போது இரக்கப்பட்டான்.

பரிசோதனை எளிமையானது. பித்தளைக் கிண்ணத்தில், சந்தனத் தண்ணீருக்குள் அதே குதிரை அச்சடித்த யந்திரத் தாள்கள் ஊறும். சுவாமிகள் ஒன்றை எடுத்துத் துடைத்து, வந்து நிற்கிற வண்டியின் பானெட்டில் வைப்பார். குதிரை நின்றால் வண்டி சுத்தம். குதிரை மறைந்தால் சனி ஏறி உட்கார்ந்துவிட்டது. ஓட்டிக்கொண்டு வந்த எந்த வண்டியிலும் குதிரை நின்றதில்லை. தள்ளிக்கொண்டு வந்த ஒரே ஒரு பழைய வேனில் மட்டும் ஜம்மென்று நின்றது. புண்ணியம் செய்த வேன் என்று அதற்குத் தேங்காய் உடைத்தார்கள்.

பரிகாரமும் உண்டு. வண்டியைப் புளிய மர நிழலில் வெகுநேரம் நிறுத்தி, பானெட்டில் குடம் குடமாக அபிஷேகம். பிறகு தாளை வைத்தால் குதிரை திரும்பி வந்துவிடும். ஆனால் நல்ல நிலையில் உள்ள கார்களுக்கு மட்டும் சுவாமிகள் ஒரு நிபந்தனை போடுவார்: இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அபிஷேகம் கிடையாது.

அப்பாதுரையின் கார் நல்ல நிலையில் இருந்தது.

தாளை வைத்த மாத்திரத்தில் குதிரை மறைந்தது. மந்திரம் ஓதினார்கள், மணி அடித்தார்கள், இன்ஜின் உறுமிக்கொண்டே இருந்தது. மறுபடி வைத்தார்கள். வெறும் மஞ்சள்தான் மிஞ்சியது. சுவாமிகள் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"இது எமன் ஏறின வண்டி அப்பாதுரை. பொழுது சாயறதுக்குள்ள கைமாத்திடு. ஜாதகம் தாங்கற ஆளு வாங்கினா தோஷம் அவரோட போயிடும்."

ஜாதகம் தாங்குகிற ஆள் பக்கத்திலேயே தயாராக நின்றார். கார் புரோக்கர் இராமலிங்கம். விற்பனைத்தாள் சட்டைப்பையில். பேனா காதில். அடிமாட்டு விலையைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு தியாகியின் களை இருந்தது.

அப்பாதுரைக்குக் கண் கலங்கியது. காரை விட்டால் நாளைக்கு என்ன தொழில் செய்வது என்று தெரியவில்லை. ஆனால் எமன் ஏறின வண்டியில் யாரை ஏற்றுவது? கார் சரோஜா பெயரில் இருந்தது.

"கையெழுத்துப் போடு சரோஜா. உசுரு இருந்தா பொழைச்சிக்கலாம்."

சரோஜா பேனாவை வாங்கவில்லை. பானெட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாளின் ஓர் ஓரம் பானெட்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"சாமி, வாலு மட்டும் அப்படியே கீதே? குதிரை ஓடிச்சின்னா வாலை வுட்டுட்டா ஓடும்?"

கூட்டம் எட்டிப் பார்த்தது. ஆமாம், வெளியே நீட்டியிருந்த பக்கத்தில் வால் கருகருவென்று நின்றது.

"அது... தோஷத்தோட மிச்சம்," என்றார் சுவாமிகள்.

சரோஜா பானெட்டைத் தொட்டாள். "யப்பா!" என்று கையை உதறினாள். பிறகு கிண்ணத்திலிருந்து ஒரு தாளை எடுத்துக்கொண்டு எதிர்த்த டீக்கடைக்கு நடந்தாள். கடைக்காரி வெள்ளையம்மாள் அப்போதுதான் சூடாக ஊற்றி வைத்த டீ கிளாஸில் சரோஜா தாளைச் சுற்றினாள். குதிரை மறைந்தது.

"சாமி, இந்த டீக்கும் சனியா?"

"டீ போட்டவ ஜாதகம் அப்படி!"

"யாரு ஜாதகத்தைடா சொல்ற?" என்று வெள்ளையம்மாள் கரண்டியோடு வெளியே வந்தாள். "காலையில இருந்து ஓசி டீ குடிக்கறப்போ தெரியலியா என் ஜாதகம்?"

சரோஜா அதே தாளை ஐஸ்பெட்டியிலிருந்த சோடா பாட்டிலில் சுற்றினாள். குதிரை சாவகாசமாகத் திரும்பி வந்தது. சோடாவுக்கு யாரும் மந்திரம் சொல்லவில்லை.

எல்லோரும் அப்பாதுரையைப் பார்த்தார்கள். அவன் மெதுவாகக் காருக்குள் கையை விட்டு இன்ஜினை அணைத்தான். அபிஷேகக் குடத்தைத் தூக்கிப் பானெட்டில் கவிழ்த்தான். இன்னொரு குடம். இன்னொன்று. ஆவி அடங்கியதும் துடைத்துத் தாளை வைத்தான். குதிரை முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"எமன் எறங்கிட்டானா சாமி?" என்றான்.

"சூடு பட்டா மறையற மையி!" என்று யாரோ கத்தினார்கள். "சனி பேரைச் சொல்லி எத்தினி காரை முழுங்கினே?"

இராமலிங்கத்தைத் தேடினார்கள். ஜாதகம் தாங்கவில்லை போலிருக்கிறது, ஆளைக் காணோம். சுவாமிகள் தன் காரை நோக்கி நகர்ந்தார். பள்ளிக்கூட வேன் குறுக்கே வந்து நின்றது. "குதிரை கீழ தள்ளினதும் இல்லாம குழியும் பறிச்சதாம்" என்று வேன்காரர் திட்டிக்கொண்டே போலீஸுக்குப் போன் போட்டார். இவ்வளவு நடந்த பிறகும் ஒரு பெரியவர் சுவாமிகளை நெருங்கி, "எனக்கு மட்டும் ஒரு நல்ல தாளா பாத்துக் குடுங்க" என்று ரகசியமாகக் கேட்டார். நம் ஜனங்களின் நம்பிக்கை எஃகு.

அப்பாதுரை கூட்டத்தின் பக்கம் திரும்பினான்.

"அந்த இத்தாலி அம்மா இன்னொண்ணும் சொல்லிச்சிங்க. கெட்ட சகுனம்னு நான்தான் வாயைத் தொறக்கல. குதிரையை விமானத்துல வரைஞ்சி வெச்சிருந்தாரே, அவரு சண்டையில சுடப்பட்டு வுழுந்து செத்துட்டாராம். அவரோட அம்மாதான் அதிர்ஷ்டம்னு, அப்போ ரேஸ் ஓட்டினு இருந்த அந்தக் கம்பெனி மொதலாளிக்கு அந்தக் குதிரையைக் குடுத்தாங்களாம்."

"புள்ளையைக் காப்பாத்தாத குதிரையா?" என்றாள் வெள்ளையம்மாள்.

பால் வண்டிக்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அப்போ வண்டிக்கு ஒரு காப்புன்னு இன்னாதான் செய்றது?"

சரோஜா காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாள்: "டி.வி.யில ரேஸு பாருங்க. அந்தக் குதிரை காரு வந்து நின்னா ஒரு கூட்டமே பாய்ஞ்சி நாலு டயரையும் மாத்துது. குதிரைக்காரனே டயரைத்தான் நம்பறான். உங்க டயரைக் குனிஞ்சி பாருங்க, வழுக்கைத் தலையாட்டம் கீது. குதிரைக்கு வுழுந்து கும்பிட்ட நேரத்துல கொஞ்சம் மூளைக்கு வேலை குடுத்திருந்தா, அதுவாவது ஓடியிருக்கும்!"